மாரிசாமி வீட்டுக் கதவு

மூங்கில்மலைத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான கீழ்லயத்தில் யாருக்குப் பிள்ளைவலி கண்டாலும், யாரைப் பாம்பு கடித்தாலும், பொழுது சாய்ந்த பிறகு எல்லோரும் முதலில் ஓடுவது மாரிசாமி வீட்டுக்குத்தான். கதவைத் தட்டக்கூட வேண்டியதில்லை. வாசலில் நின்று ஒரு தரம் பேரைச் சொன்னால் போதும், வாயை மூடுவதற்குள் தாழ்ப்பாள் விலகிவிடும். "அந்த மனுசன் தூங்குறாரா, இல்ல கதவுக்குப் பின்னாலயே நின்னுக்கிட்டிருக்காரா" என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் கேலி பேசுவார்கள். பசறைச் சந்தைக்குப் போனால் மற்றத் தோட்டத்துக்காரர்கள்கூட, "நல்ல மனுசன்யா, உதவின்னா உசிரக் குடுப்பாரு" என்று அவரைக் காட்டிச் சொல்வார்கள். அது காதில் விழுந்தால் மாரிசாமி தலையைக் குனிந்துகொண்டு மெல்ல அங்கிருந்து நழுவிவிடுவார். அடக்கமான ஆள் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. அடக்கமும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. அது வெட்கம். புகழ்ச்சி ஒவ்வொன்றும் உடம்பில் முள்ளாக ஏறுகிற அளவுக்கு வெட்கம்.

முசிறிப் பக்கத்திலிருந்து கடல் தாண்டிக் கங்காணி கூட்டிக்கொண்டு வந்த கூட்டத்தில், தாயின் இடுப்பில் உட்கார்ந்து வந்தவர் அவர். வளர்ந்தபின் மலையில் முள்ளுக்குத்தி மண் கிளறப் போகாமல் பங்களாக் குதிரைகளோடு சேர்ந்துவிட்டார். குதிரைகளுக்கும் அவரைப் பிடிக்கும். அப்படியே இருந்திருந்தால் கதை ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை முடிந்து, சண்டையில் ஏரோப்ளேன் ஓட்டிய ஒரு வாலிபர் சின்னத்துரையாக வந்து சேர்ந்தார். வந்த மறுவருஷமே, சண்டை முடிந்து மலிவாக விற்ற ஏரோப்ளேன் ஒன்றை எப்படியோ வாங்கிக் கப்பலில் வரவழைத்துவிட்டார்.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து பெட்டி பெட்டியாக மாட்டுவண்டியில் ஏற்றி, எல்லக் கணவாய் இறங்கி, ஹாலிஎல வழியாகக் கொண்டுவந்தார்கள். சாக்குத் துணி சுற்றிய நீளமான சட்டங்களைப் பார்த்துவிட்டு, துரைக்குக் கல்யாணம், சீமையிலிருந்து கட்டில் வருகிறது என்று லயமெல்லாம் பேச்சு. கட்டில் இல்லை, ரெக்கை என்று தெரிந்தபோது பேச்சு இன்னும் கூடிவிட்டது. அன்றிலிருந்து அவர் பேர் ரெக்கைத் துரை.

பங்களாவுக்கு மேலே மாடு மேய்கிற புல்மேட்டில் தகரக் கொட்டகை போட்டு ஏரோப்ளேனை நிறுத்தினார்கள். குதிரையைக் கழுவித் தேய்த்த கையால் மாரிசாமி இப்போது ரெக்கையைத் துடைத்தார், பெற்றோல் ஊற்றினார், காற்றடித்தால் கயிறு கட்டினார். புறப்படும்போது முன்னால் உள்ள விசிறியைப் பிடித்துச் சுழற்றிவிட்டுச் சட்டென்று விலகி ஓடுவதும் அவர் வேலைதான். அந்த எஞ்சினுக்குக் குடிக்க விளக்கெண்ணெய் வேண்டும். பதுளையில் ராமாமிர்தம் கடைக்குப் போய் டின் டின்னாக வாங்கி வருவார். "என்ன மாரிசாமி, உங்க தோட்டத்துல ஒருத்தருக்கும் வயித்தால போகலியா" என்று கடைக்காரர் ராமாமிர்தம் ஒவ்வொரு தடவையும் கேட்பார். எரிந்த விளக்கெண்ணெய் வாடை மாரிசாமியின் கையிலும் கம்பளியிலும் தலைமயிரிலும் ஊறிப்போனது. குழந்தைகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று மனைவி இராக்கம்மா முணுமுணுப்பாள். ஆனாலும் அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

ஒரு நாள் துரை அவரையே முன்னிருக்கையில் ஏற்றி மேலே கொண்டுபோனார். முதலில் கண்ணை இறுக மூடிக்கொண்ட மாரிசாமி, துரை முதுகில் தட்டியபின் திறந்தார். பதுளை ஓயா வெள்ளிக்கம்பியாகக் கிடந்தது. தேயிலை அரைக்கிற ஸ்டோரின் கூரை தெரிந்தது. மலைச்சரிவில் கீழ்லயம் தெரிந்தது. இறங்கியதும் துரை தன் ஓட்டைத் தமிழில் கேட்டார்: "ஒன் வீடு எது?"

"கீழ்லயத்துல கடேசிக் காம்பராங்க தொர. கூரை மேல பூசணிக்கொடி படர்ந்திருக்கே, அதாங்க."

"நான் பாத்தது. பச்சை கூரை" என்று துரை சிரித்தார். பிறகு மேலே போகும்போதெல்லாம் அந்தப் பச்சைக் கூரைக்கு மேலாக ஒரு வட்டம் அடித்துவிட்டுத்தான் திரும்புவார். ஒரு துரை தன் வீட்டை அடையாளம் வைத்திருக்கிறார் என்பது மாரிசாமிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நாலு பேரிடம் சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை.

ஏரோப்ளேன் வருவதற்கு முந்திய வருஷம் விஷக்காய்ச்சல் வந்து லயங்களைச் சூறையாடியிருந்தது. மாரிசாமியின் மூத்த மகளும் அதில்தான் போனாள். குழி வெட்ட ஆள் போதாமல் இரண்டு பிள்ளைகளை ஒரே குழியில் வைத்த காலம் அது. அதற்குப் பிறகு லயத்தில் இரவானால் ஒரு பயம். செத்தவர்கள் தெரிந்த குரலில் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், முதல் குரலுக்கு 'ஏன்' என்று கேட்டால் உயிரைக் கொண்டுபோய்விடுவார்கள். மனிதன் என்றால் மூன்று தரம் கூப்பிடுவான், பேயால் மூன்றாம் தரம் கூப்பிட முடியாது. இதை ஊரிலிருந்து வரும்போதே எல்லோரும் கொண்டுவந்திருந்தார்கள். காய்ச்சலுக்குப் பிறகு அது சட்டமாகிவிட்டது. இராக்கம்மாவின் அக்காள் புருஷன் ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டத்தில், முதல் குரலுக்கே கதவைத் திறந்து போனவர், விடியும்போது பீலித் தண்ணீர் கொட்டுகிற கல்லில் விறைத்துக் கிடந்தார். பிறகு யார் துணிவார்கள்?

ஐப்பசி மாதம் ஒரு காலையில் ரெக்கைத் துரை தியத்தலாவைக்குப் பறந்து போனார். அங்கே பட்டாளத்தில் அவருக்குக் கூட்டாளிகள் இருந்தார்கள். விசிறியைச் சுழற்றிவிட வந்த மாரிசாமியிடம், "பொழுது இருந்தா வரும். இருட்டு வந்தா நான் வராது. நீ வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மாரிசாமி மாலைவரை புல்மேட்டில் காத்திருந்தார். மலைமுகட்டில் மேகம் இறங்கியது. ஒரு அடையாளத்துக்காக விறகைக் குவித்துத் தீ மூட்டினார். மழை வந்து அதையும் அணைத்தது. துரை சொன்ன சொல் சொன்னதுதானே. கொட்டகையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு இறங்கினார்.

அங்கே விருந்தில் நேரம் போனது தெரியாமல் இருந்துவிட்டு, நண்பர்கள் தடுத்தும் கேளாமல், வெளிச்சம் மங்கிய பிறகு துரை கிளம்பினார் என்பது பின்னால்தான் தெரிந்தது. மலைக்கு இந்தப் பக்கம் வரும்போது இருட்டிவிட்டது. கீழே எல்லாம் ஒரே கறுப்பு. புல்மேட்டைத் தேடித் தாழ்வாக வந்த ஏரோப்ளேன் ஓரத்துச் சவுக்கு மரங்களில் மோதி, தேயிலைக்குள் விழுந்து நொறுங்கியது. லயத்துத் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் ஒருவருக்கும் அது கேட்கவில்லை. இதில் பொய் ஒன்றும் இல்லை.

மழை சற்று ஓய்ந்தது. மாரிசாமி ரொட்டியைத் தின்றுவிட்டு அடுப்போரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இராக்கம்மா கைக்குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். வெளியே குரல் கேட்டது.

"மாரிசாமி."

ரெக்கைத் துரையின் குரல். சந்தேகமே இல்லை. அந்த 'ரி'யை அப்படி நாக்கை மடித்துச் சொல்ல இந்த மலையில் வேறு ஆள் கிடையாது. மாரிசாமி எழுந்துவிட்டார். இராக்கம்மா அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"தொர தியத்தலாவையிலல்ல இருக்காரு?" என்றாள், காற்றோடு காற்றாக.

"ஆமா."

"தொரமாரு எப்பங்க லயத்துக்கு வந்து கூப்பிட்டாங்க? வேணும்னா ஆள் அனுப்புவாங்க."

அவள் சொன்னது சரி. எந்தத் துரையும் இருட்டில் லயத்து வாசலில் வந்து நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருட்டில் பறக்கமாட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். துரை இங்கே இருக்க வழியே இல்லை. அப்படியானால் இந்தக் குரல் துரையுடையது அல்ல. குரல் எவ்வளவுக்கு எவ்வளவு துரையின் குரலாக இருந்ததோ, அவ்வளவுக்கு அது பேய் என்பது உறுதியாயிற்று. கதவிடுக்கில் விளக்கெண்ணெய் வாடை வருவது போல இருந்தது. கம்பளியை முகர்ந்தார். கம்பளியிலும் அதே வாடைதான்.

"மாரிசாமி."

இந்தத் தடவை மெதுவாக, கெஞ்சுவது போல. மாரிசாமி தாழ்ப்பாளில் கையை வைத்தார். "மூணாவது கூப்பிடட்டுங்க" என்றாள் இராக்கம்மா. "ஒரு புள்ளயக் குடுத்தாச்சு. இதையும் என்னையும் நெனச்சுக்கங்க." மாரிசாமி கையை எடுக்கவில்லை, தாழ்ப்பாளை இழுக்கவும் இல்லை. அப்படியே நின்றார். மூன்றாவது குரல் வந்தால் திறந்துவிட வேண்டும் என்றுதான் நின்றார். கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்ப மழை வலுத்தது. "பாத்தீங்களா" என்று இராக்கம்மா பெருமூச்சு விட்டாள். இருவரும் குழந்தைக்குத் திருநீறு பூசிவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். கண்டம் தப்பியது என்ற நிம்மதியில் மாரிசாமி நன்றாகத் தூங்கியும்விட்டார். பின்னாளில் அவரை அதிகம் அறுத்தது அந்தத் தூக்கம்தான்.

விடியக்காலை பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்தபோது, முதலில் வெளியே வந்தவர்கள் போட்ட சத்தத்தில் கதவைத் திறந்தார். வாசல் ஓரத்துக் கானில், கல் கட்டிய வடிகாலில், துரை கவிழ்ந்து கிடந்தார். ஒரு கால் முட்டிக்குக் கீழே கிழிந்து தொங்கியது. ஒரு கை கானின் கரையைப் பிடித்தபடி, கடைசிக் காம்பராவைப் பார்த்து நீண்டிருந்தது. தேயிலைச் செடிகளுக்குள் தவழ்ந்து வந்த தடம் மேலே புல்மேடு வரைக்கும் இருந்தது. விளக்கெண்ணெய் வாடை அவர் சட்டையிலிருந்து குப்பென்று வந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரரான மருந்தையா ஜெயராசா வந்து பார்த்தார். "வேற பெரிய காயமொண்டும் இல்லை. இரத்தம் போய்த்தான் செத்தவர். இரவே ஆராவது காலை இறுக்கிக் கட்டியிருந்தா ஆள் தப்பியிருப்பார்" என்றார். யாரையும் குற்றம் சொல்லி அவர் சொல்லவில்லை. தன் தொழிலைச் சொன்னார்.

தோட்டத்துக்கே மேலதிகாரியான பெரியதுரை லயத்து ஆட்களை வரிசையாக நிறுத்தினார். "ராத்திரி யாருக்கும் சத்தம் கேட்டதா?" அடுத்த காம்பராவில் இருக்கும் பொன்னையா முந்திக்கொண்டு, "மழையில ஒண்ணும் கேக்கலைங்க தொர" என்றார். மாரிசாமி அவரைப் பார்த்தார். பொன்னையா தரையைப் பார்த்தார். அந்த லயம் முழுக்கக் கேட்டிருக்கிறது. ஒவ்வொருவரும் தங்கள் கதவுக்குப் பின்னால் இருந்து, கூப்பிடுவது மாரிசாமியைத்தானே என்று மூன்றாவது குரலுக்குக் காத்திருக்கிறார்கள்.

"கேக்கலைங்க தொர" என்றார் மாரிசாமியும்.

பெரியதுரை கடுகடுத்த ஆள். ஆனால் அன்றைக்குக் கோபப்படவில்லை. "பங்களாப் பாதைதான் கிட்ட. அதை விட்டு இங்க வந்திருக்கு" என்றார். சற்று நேரம் கூரைமேல் கிடந்த பூசணிக்கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாரிசாமியின் தோளில் கையை வைத்தார். "ஒன்னைத் தேடி வந்திருக்கு. ஒனக்குக் கேட்டிருந்தா நீ ஓடியிருப்பே. எனக்குத் தெரியும்."

அடித்திருக்கலாம். பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டே விரட்டியிருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு நம்பிவிட்டார். "ஆமாங்க" என்று வாய் சொல்லிவிட்டது. பொய் சொன்னதைவிட அந்த 'ஆமாங்க' அவருக்கு அசிங்கமாக இருந்தது.

அன்று மாலையே ஏணி வைத்து ஏறிப் பூசணிக்கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டார். பங்களா வேலையை விட்டுவிட்டு முள்ளுத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார். பதுளைக்குப் போனால் ராமாமிர்தம் கடை வாசலைத் தவிர்த்துச் சுற்றுப்பாதையில் போனார். அன்றிலிருந்துதான் அந்தக் கதவு முதல் குரலுக்கே திறக்க ஆரம்பித்தது. பேயானால் என்ன, கொண்டுபோனால் போகட்டும் என்ற எண்ணம். பேய் வரவில்லை. மனிதர்கள்தான் வந்தார்கள். குடித்துவிட்டு வழி தவறியவன் வந்தான், புருஷன் அடித்துத் துரத்திய பெண் வந்தாள், காய்ச்சல் குழந்தையோடு தாய் வந்தாள். விளையாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு ஓடி ஒளிகிற பிள்ளைகளும் உண்டு. அதற்கும் அவர் எழுந்து, மழையில் கானுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். ஒரு தரம் அதைப் பார்த்த பொன்னையா தன் பேரப் பிள்ளைகளை அடி பின்னிவிட்டார். எதற்கு இவ்வளவு அடி என்று பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. லயத்தில் பெரியவர்கள் ஒருவரும் விளக்கவும் இல்லை.

இப்படிப்பட்ட மனிதரும் பைத்தியம் பிடிக்காமல் இருந்தார் என்றால் அதற்கு ஒரே ஒரு பிடிமானம் இருந்தது. அதைக் கொடுத்தவள் இராக்கம்மா. துரையை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, அவர் சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தபோது சொன்னாள்.

"தொறந்திருந்தாலும் என்னாங்க? அந்த இருட்டுல, நம்ம குப்பி லாம்பு வெளிச்சத்துல, கானு தெரிஞ்சிருக்குமா? வாசல்ல ஆள் இல்லேன்னு பாத்துட்டுச் சாத்தியிருப்போம். விதி அப்புடி."

மாரிசாமி அதைப் பிடித்துக்கொண்டார். ஆமாம், கான் தள்ளி இருக்கிறது. ஆழமும்கூட. திறந்தாலும் தெரிந்திருக்காது. வருஷங்கள் போகப் போக, ஐப்பசி மழை தொடங்கும்போதெல்லாம் இருவரில் ஒருவர் அதைச் சொல்வார்கள், மற்றவர் ஆமாம் என்பார். விளக்கை எடுத்து வாசலில் வைத்துப் பார்த்தால் தெரிந்துபோகிற விஷயம்தான். அதை மட்டும் இருவரும் ஒருநாளும் செய்து பார்க்கவில்லை. இரவில் வெளியே போகும்போது மாரிசாமி எப்போதும் லாம்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார், வாசலில் விட்டுவிட்டுப் போகமாட்டார்.

பதுளை வரைக்கும் ரயில் வந்துவிட்ட பிறகு, மறுபடி ஒரு ஐப்பசியில், மேல்லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைவலி. கூப்பிட்ட குரலுக்கு மாரிசாமி ஓடினார். மருத்துவச்சியைக் கூட்டி வந்து விட்டு, பிள்ளை பிறந்து அழுகிற சத்தத்தைக் கேட்டபின் வீட்டுக்குத் திரும்பினார். தன் லாம்பை அங்கேயே பிரசவ அறையில் கொடுத்துவிட்டிருந்தார். பொழுது சாய்ந்து நன்றாக இருட்டிவிட்டது. தூறலில் பாதை வழுக்கியது. வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துக் காலை வைத்தவர், கல் சறுக்கிக் கானுக்குள் விழுந்தார். கணுக்கால் மளுக்கென்றது.

கானில் ஒரு முழம் தண்ணீர் ஓடியது. எழுந்திருக்க முடியவில்லை. வலியில் மூச்சு அடைத்தது. இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டார்.

"இராக்கம்மா."

குரல் எவ்வளவு சின்னதாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இன்னொரு தரம் கூப்பிட வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. வெறும் கணுக்கால் மடங்கியதற்கே இப்படி என்றால், கிழிந்த காலோடு புல்மேட்டிலிருந்து தவழ்ந்து வந்த மனிதர் இரண்டாம் தரமும் கூப்பிட்டாரே என்று நினைத்தார். அந்த இரண்டாவது குரல் எங்கிருந்து வந்திருக்கும்?

அந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கும் பழக்கமாகியிருந்தது. ஒரே குரலுக்குத் தாழ்ப்பாள் விலகியது. இராக்கம்மா, துரை வந்த ராத்திரி எரிந்த அதே பழைய குப்பி லாம்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

வெளிச்சம் முற்றத்தைத் தாண்டி நேராக வந்தது. கானின் கரைக் கல்லில் பிடித்திருந்த பாசி தெரிந்தது. கல்லைப் பற்றியிருந்த அவர் கை தெரிந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

அவள் அசையவில்லை. முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு லாம்பைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை மாரிசாமியும் அதே வெளிச்சத்தில் பார்த்தார்.

"தெரியுதா புள்ள?" என்றார்.

"தெரியுதுங்க" என்றாள் இராக்கம்மா.

தோள் கொடுத்து அவரைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள். மழை வலுத்துக் கூரையில் கொட்டியது. ஐப்பசியில் இருவரும் வழக்கமாகச் சொல்லிக்கொள்வதை அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.